பேனாவுக்கும் பென்சிலுக்கும் உறவு உண்டா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘பென்’ என்பதிலிருந்து பிறந்ததுதானே ‘பென்சில்’?

பதில்: இல்லை. ஒலியும் வேலையும் ஒத்துப்போவதால் வரும் மயக்கம் இது. பென்னுக்கு மூலம் லத்தீன் ‘பென்னா’, அதாவது இறகு. இறகின் தண்டைச் சாய்வாகச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தொட்டு எழுதினார்கள். பிளவு வழியேதான் மை இறங்கும். மழுங்கிய முனையைச் சீவ வைத்திருந்ததே பேனாக்கத்தி. நம் ‘பேனா’வும் போர்ச்சுக்கீசியம் வழியே வந்த அதே இறகுதான்.

பென்சிலோ ‘பெனிகில்லுஸ்’, குட்டி வால். முதலில் ஓவியரின் மெல்லிய தூரிகைக்குத்தான் அந்தப் பெயர். பழைய ஆங்கில நூல்களில் பென்சில் வந்தால் தூரிகையா என்று பார்த்துவிட்டு மொழிபெயருங்கள். கிராஃபைட் குச்சிக்குப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. பென்சிலின் நிஜமான சொந்தம், 1929-இல் விஞ்ஞானி ஃப்ளெமிங் பெயர் சூட்டிய பெனிசிலின் மருந்து! அந்த மருந்தைத் தரும் பூஞ்சை நுண்ணோக்கியில் தூரிகை மாதிரியே தெரியும்.