சீட்டுக் காசும் லெப்டொப்பும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2019இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய லெப்டொப் ஒன்று இருக்கிறது. ஐ5-6200, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தாலும் திறந்திருக்காது. விண்டோஸ் 11 போட முடியாது என்றும் காட்டுகிறது. தங்கச்சி உயர்தரம் சித்தியடைந்து கெம்பஸ் போகக் காத்திருக்கிறாள். அடுத்த மாதம் அம்மாவுக்கு ஒன்றரை இலட்சம் சீட்டு விழுகிறது. ரேம் விலை ஏறுகிறது, உடனே புதுசு வாங்கு என்கிறார் ஒரு நண்பர். பொறுத்தால் நல்லது மலிவாக வரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அடுத்த மாதம் வாங்க வேண்டாம். ஆனால் மலிவாக வரும் என்ற நம்பிக்கையிலும் காத்திருக்க வேண்டாம்.

முதலில் அந்தக் காசைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், ஒன்றரை இலட்சம் என்பது 111 முழுப் பேர், அதாவது 111 முழு நாள் வேலை. அரைப் பேர் விழுந்த நாட்கள் இதில் இல்லை. அம்மா மழையில் நின்று பறித்த கொழுந்து அது. ஒரு மெஷின் மெதுவாகத் திறக்கிறது என்ற கோபத்தில் அதைச் செலவழிக்கக் கூடாது.

மலிவாகும் என்ற பேச்சுக்கு நானே ஏமாந்திருக்கிறேன். 2021இல் புதிதாக ஒன்று வாங்கக் காசு சேர்த்து வைத்திருந்தேன். பழையது ஓடுகிறதே, அடுத்த வருடம் விலை குறையும் என்று இருந்துவிட்டேன். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நான் சேர்த்த காசு கையில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கு லெப்டொப் வரவில்லை. கம்ப்யூட்டர் வருடா வருடம் மலிவாகும் என்பது டொலரில் சம்பளம் வாங்குபவர்களின் கணக்கு. நமக்கு ரூபாயும் சேர்ந்து விழலாம்.

வேறு வழியில்லாமல் பழைய மெஷினுக்கு ஒரு எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) 8 ஜிபி ரேமும் போட்டேன். பத்து நிமிடம் எடுத்த மெஷின் அரை நிமிடத்தில் திறந்தது. இன்னும் மூன்று வருடம் அதில்தான் எழுதினேன்.

உங்கள் மெஷினிலும் வருத்தம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடம் 100 வீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது, எஸ்எஸ்டி போட வேண்டும். மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. இரண்டுமே சும்மா இருந்தும் மெஷின் தவித்தால்தான் ப்ரோசஸருக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம், அப்போது காசு போட்டுத் திருத்துவது வீண். ரேம் விலை பற்றி நண்பர் சொல்வது உண்மைதான். ஏஐ தரவு நிலையங்களுக்கான மெமரியின் பக்கம் கம்பனிகள் திரும்பியதால் 2025 கடைசியிலிருந்து ஏறுகிறது. அதனால் அவசரமாகப் புதிதாக வாங்காமல் வேறு மெஷினில் கழற்றிய ரேம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

விண்டோஸ் விஷயம் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஐ5க்குப் பக்கத்தில் 6200 என்று இருந்தால் அது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன, ஆனால் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு இல்லை. அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம், இலவசம். ஒன்று மட்டும்: தவணைப் பரீட்சை வினாத்தாள்களை பாமினியில் அடித்திருந்தால், எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். அது இல்லாமல் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

சரி, தங்கச்சி. உயர்தர முடிவு வந்து கெம்பஸ் தொடங்க எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எந்தப் பீடம் என்றே தெரியாமல் வாங்கும் லெப்டொப்பின் வாரண்டி அலுமாரிக்குள்ளேயே கரையும். கலைப் பீடம், முகாமைத்துவம் என்றால் 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண மெஷின் போதும். பொறியியல், கட்டடக்கலை என்றால் கதை வேறு. பதிவு செய்த பிறகு அந்தப் பீடத்தின் மூத்த பிள்ளைகளிடம் கேட்டு, முதல் மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு மாதமும் தள்ளிப்போட வேண்டாம், விலை எப்படி இருந்தாலும். பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் லெப்டொப் கேட்டு அசைன்மென்ட் செய்வது எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். அதுவரை சீட்டுக் காசு வங்கியில் இருக்கட்டும், உங்கள் பழையதில் அவள் டைப்பிங் பழகட்டும்.

வாங்கும்போது ஹட்டனிலேயே வாங்குங்கள், இரண்டு மூவாயிரம் கூடினாலும். ஒரு சார்ஜர் பழுதுக்காக நோர்வூட், ஹட்டன், அவிசாவளை என்று பஸ் மாறிக் கொழும்புக்குப் போனால் இரண்டு நாள் லீவு போகும்.

இப்போது இருப்பதைக் காப்பாற்றவும் வேண்டும். ஜூன், ஜூலை மழையில் பொலித்தீனில் சுற்றிப் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூக்கும். தினம் அரை மணிநேரமாவது ஓடட்டும், அந்தச் சூடே அதைக் காயவைக்கும். சித்திரை இடிக்கு சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். ரவுட்டருக்கும் அப்படித்தான். என்னுடைய அந்தப் பழைய லெப்டொப் போன ஏப்ரலில் இடியில்தான் போனது. வானம் கறுப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு பக்கத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். போர்டு எரிந்துவிட்டது.

ஆனால் அதில் இருந்த 8 ஜிபி ரேம் தப்பியது. இன்னொரு மெஷினில் போட்டுப் பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது. உங்கள் மெஷினின் அடி மூடியைக் கழற்றி, ரேமில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். ரேமில் வகைகள் உண்டு: டிடிஆர்3 என்று இருந்தால் பொருந்தாது. டிடிஆர்4 என்று இருந்தால் ஹட்டனுக்கு வரும் நாளைச் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன். எஸ்எஸ்டி மட்டும் வாங்கினால் போதும்.

அன்புடன்,
அக்கா