கலியாணப் படம் எடுக்கும் வேலைக்கு கனன் ஆர்10 கமரா போதுமா, ஆர்7 வேண்டுமா?

வெள்ளவத்தை மண்டபங்களில் காசுக்குக் கலியாணம் எடுக்கப் போகிறேன், கையில் ஆர்எஃப் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் கனன் ஆர்7தான். அதில் இரண்டு மெமரி கார்ட் போடலாம், ஒன்று பழுதானாலும் தாலி கட்டும் படம் மற்றதில் இருக்கும். ஆர்10இல் ஒன்றுதான், எனக்கென்றால் அந்தப் பயமே போதும். ஆர்7இன் கமரா பாடிக்குள்ளேயே நடுக்கம் தடுக்கும் வசதி உண்டு, உங்கள் லென்ஸில் அது இல்லாததால் உதவும், ஆனால் அது கை நடுக்கத்துக்கு மட்டும்தான், ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். ஆர்7க்கு 32.5, ஆர்10க்கு 24.2 என்ற மெகாபிக்சல் கணக்கை விடுங்கள், இரண்டிலும் படம் பதியும் சென்சர் ஒரே ஏபிஎஸ்-சி அளவுதான். ஆர்7க்குப் பாரம் கூடத்தான், சரி, பழகிவிடும். வீட்டுக்குப் பிள்ளைகளை எடுக்க மட்டும் என்றால் ஆர்10 தாராளம். அப்புறம், கொழும்பு ஈரப்பதத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.