என்க்ரிப்ட் செய்த தரவில் ரகசியமாகத் தேட பிளாக்செயின் உதவுமா?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிற மாணவர் போலத் தெரிகிறது. அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன். தேட முடியும். ஆனால் ரகசியம் பிளாக்செயினிலிருந்து (பல கணினிகளில் நகல் இருக்கும், எழுதியதை மாற்ற முடியாத பதிவேடு) வராது, குறியாக்கத்திலிருந்துதான் (என்க்ரிப்ஷன், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) வரும். சர்வர் ஏமாற்றினால் கண்டுபிடிக்க முடியும் என்ற உறுதிதான் பிளாக்செயின் தருவது. இரண்டையும் போட்டுக் குழப்பிய ஒரு திட்டத்தோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால்தான் இந்த நீளமான பதில்.

தேடல் நடக்கும் விதம் இதுதான். 2000-ல் டான் சாங், டேவிட் வாக்னர், ஏட்ரியன் பெரிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு வழி காட்டினார்கள். இப்போது பரவலாகச் செய்வது: ஆவணங்களை என்க்ரிப்ட் செய்து கிளவுடில் போட்டுவிட்டு, 'தைராய்டு' போன்ற ஒவ்வொரு சொல்லையும் ரகசியச் சாவியோடு ஹாஷ் செய்து (திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றி) டோக்கன் ஆக்குவார்கள். எந்த டோக்கனுக்கு எந்த ஆவணங்கள் என்று ஓர் அட்டவணை இருக்கும். தேடுபவர் டோக்கனை அனுப்புவார், சர்வர் பொருத்திப் பார்த்து ஆவணங்களைத் தரும். என்ன சொல் என்று அதற்குத் தெரியாது.

சொல் தெரியாது, சரி. ஆனால் அதே டோக்கன் மறுபடி வந்தால் தெரியும். எத்தனை ஆவணங்கள் போயின, எவை போயின என்பதும் தெரியும். இந்தத் தடங்களை வைத்தே தேடிய சொற்களை ஊகிக்கலாம் என்று 2012-ல் ஆய்வாளர்கள் திவாலான அமெரிக்க நிறுவனம் என்ரானின் மின்னஞ்சல்களைக் கொண்டு காட்டிவிட்டார்கள்.

நான் முன்பு இருந்த நிறுவனத்தில் ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு மென்பொருள் செய்தோம். ஒரு வாடிக்கையாளர் பிளாக்செயின் இருந்தே ஆக வேண்டும் என்றார். உடனே தேடல் அட்டவணையை எத்தீரியம் என்ற பொது பிளாக்செயினில் ஓடும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டில் வைப்பது, டாக்டர்கள் அனுப்பும் டோக்கனும் அங்கேயே போவது என்று வடிவமைப்பு தயாராகிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். "எல்லாம் என்க்ரிப்ட் ஆகித்தானே போகுது, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டார் மேலாளர்.

சோதனை நெட்வொர்க்கில் இருந்த பரிவர்த்தனைகளை எடுத்து உட்கார்ந்தேன். தரவு போலி, ஆனால் எந்தப் பரிசோதனை எவ்வளவு என்ற விகிதம் நிஜ லேபினுடையது. சாவி என்னிடம் இல்லை. அதிக ஆவணங்கள் தந்த டோக்கன் சர்க்கரை என்று குறித்தேன். லேப் வேலை தெரிந்த யாரும் அதற்குப் பின்னால் வருகிற வரிசையையும் சொல்லிவிடுவார்கள். என்னை உலுக்கியது வேறு. மிகக் குறைவான முடிவுகள் தந்த இரண்டு டோக்கன்கள், திரும்பத் திரும்ப ஒரே நோயாளி எண்களையே தந்தன. ஒன்று எச்ஐவி பாசிட்டிவ், மற்றது சிடி4 எண்ணிக்கை (எச்ஐவி நோயாளிகளுக்குப் பார்க்கும் எதிர்ப்புச் செல் கணக்கு) என்று எழுதிக் கொடுத்தேன். சாவி வைத்திருந்தவர் சரிபார்த்தார். இரண்டும் சரி. இந்த வேலையில் நான் பெருமைப்படுகிற நாள் அதுதான்.

தனியார் சர்வரில் இந்தத் தடத்தைப் பார்ப்பது ஒரு நிறுவனம். எத்தீரியம் போன்ற பொதுச் சங்கிலியில் (பொது பிளாக்செயினில்) உலகமே பார்க்கலாம், பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். அழிக்கவும் வழியில்லை. தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது, அதற்கு என்ன பதில்? செலவும் இருக்கிறது. எத்தீரியத்தில் 32 பைட் புதிதாக எழுதவே 20,000 கேஸுக்கு (அங்கே கட்டணம் கணக்கிடும் அலகு) மேல் போகும். ஒருவருக்கு அதன் நாணயமான ஈதரை அனுப்ப ஆவது 21,000.

பிளாக்செயின் பிடிக்காதவன் பேசுகிறான் என்று சிலர் வருவீர்கள். அப்படியில்லை. சர்வர் பாதி முடிவை மறைத்தால் பிடிக்க வேண்டும், வேலை செய்யாமல் காசு வாங்கக் கூடாது என்பவை நியாயமான தேவைகள். கணினி வலையமைப்பு பற்றிய 2018 இன்ஃபோகாம் மாநாட்டில் தேடலையே ஸ்மார்ட் கான்ட்ராக்டிடம் ஒப்படைத்த நல்ல கட்டுரை ஒன்று வந்தது. அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் ஹைப்பர்லெட்ஜர் போன்ற தனியார் சங்கிலி போதுமே என்றால், பார்ப்பவர்கள் குறைவார்கள், அவ்வளவுதான். அதில் சேர்ந்திருக்கும் போட்டி லேப் பார்க்கத்தானே செய்யும்?

ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் புதுச் சொல் இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிற கைடுகளும், ஒரே கோடைப் பத்துப் பேருக்கு விற்கிற ப்ராஜெக்ட் சென்டர்களும் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் "டோக்கன் எப்படி உருவாகிறது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெற்றவர்கள் கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸுக்கு இதுவா கிடைக்க வேண்டும்?

சரி, உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். ஆவணங்களும் அட்டவணையும் சாதாரண சர்வரில் இருக்கட்டும். அட்டவணையின் மெர்க்கிள் வேர் ஹாஷை (முழு அட்டவணைக்கும் ஒரே கைரேகை மாதிரி) மட்டும் சங்கிலியில் எழுதுங்கள், 32 பைட்தான். முடிவோடு வரும் சான்றை அதோடு ஒப்பிட்டால் சர்வர் எதையாவது மறைத்தது தெரிந்துவிடும். எங்கள் திட்டமும் கடைசியில் இப்படித்தான் மாறியது. பிறகு போலி ஆவணங்களைச் சேர்த்து எல்லா டோக்கனுக்கும் ஒரே அளவு முடிவு வரும்படி செய்து, சாவி இல்லாமல் எத்தனை சொற்களை ஊகிக்க முடிகிறது என்று முன்னும் பின்னும் அளந்து அறிக்கையில் போடுங்கள். மாதிரித் தரவு வேண்டுமென்றால் என்ரான் மின்னஞ்சல் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.