வாசகர் கேள்வி-பதில்: பொருத்தனையும் மனமுவந்த காணிக்கையும்

கேள்வி: என் மகன் கடும் நோயில் இருந்தபோது, அவன் பிழைத்தால் ஒரு தொகையைக் காணிக்கையாகச் செலுத்துவதாகப் பொருத்தனை செய்துகொண்டேன். அவன் குணமானான், நானும் சொன்னபடி செலுத்திவிட்டேன். ஆனால் பணத்தை எடுத்துவைக்கும்போது, "இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாமே" என்றுதான் மனம் கணக்குப் போட்டது. மகிழ்ச்சியில்லாமல் கொடுத்ததைத் தேவன் ஏற்பாரா? ஈடாக இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டுமா? (வாசகி ஒருவர்)

பதில்: கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டாம். "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்ற வசனம் உங்கள் நினைவில் இருந்து உறுத்துகிறது என்று தோன்றுகிறது. அந்த வசனம் எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்க்கப்பட்ட உதவியைக் குறித்து அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியது; முன்னரே வாக்குக் கொடுத்துத் தேவனுக்குக் கடன்பட்டவரைப் பற்றியதன்று. பொருத்தனையைப் பற்றி உபாகமம் 23ஆம் அதிகாரம் பேசும்போது, செய்துகொண்டால் தாமதமின்றிச் செலுத்து என்றும், செய்யாதிருந்தால் உன்மேல் பாவம் இல்லை என்றும் மட்டுமே கூறுகிறது. செலுத்தும்போது முகம் மலர்ந்திருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அந்தக் கடன் தீர்ந்தது.

பொருத்தனை, மனமுவந்த காணிக்கை ஆகிய இந்த இரண்டையும் வேதமே எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதற்கு லேவியராகமம் 22:23 நல்ல சான்று. அவயவம் நீண்டோ குறுகியோ இருக்கும் மாட்டையும் ஆட்டையும் உற்சாக பலியாக, அதாவது மனமுவந்து தானாகக் கொண்டுவரும் பலியாக, இடலாம், பொருத்தனைக்கு அது அங்கிகரிக்கப்படாது என்கிறது அந்தச் சட்டம். வாக்கில் குறை கூடாது. தானாகக் கொண்டுவருவதில் குறை பொறுத்துக்கொள்ளப்படுகிறது. மனமுவந்து வருபவரிடம் நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) காட்டும் இந்தத் தாராளத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

மகன் பிழைத்ததற்கான நன்றி உங்களுக்குள் இன்னும் வெளிப்படாமல் இருக்கிறதென்றால், அதற்குப் பணம் ஒன்றே வழியன்று. லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தின்படி, ஸ்தோத்திர பலியின், அதாவது நன்றிப் பலியின், இறைச்சியை அன்றைய தினமே புசித்துவிட வேண்டும், விடியற்காலம்வரை எதையும் வைக்கக்கூடாது; பொருத்தனை பலிக்கும் உற்சாக பலிக்கும் மறுநாளும் அனுமதி உண்டு. ஒரு விலங்கின் இறைச்சி முழுவதையும் ஒரே நாளில் தீர்க்க வேண்டுமானால், பிறரை அழைத்து உட்கார வைப்பதைத் தவிர ஒரு குடும்பத்துக்கு வேறு வழி இருந்திருக்க முடியாது. உங்கள் மகனின் நோயின்போது உடனிருந்தவர்களையோ, இப்போது அதே நிலையில் தவிக்கும் ஒரு தாயையோ தேடிச் செல்லுங்கள். எவ்வளவு என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் செல்லுங்கள். கணக்குப் போடும் மனத்துக்கு அங்கே வேலை இருக்காது.

கேள்வி: எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் ஆராதனையில் வாசிக்கிறார்கள். மற்றவர்களை ஊக்குவிக்கவே அப்படிச் செய்வதாகச் சொல்கிறார்கள். எனக்கோ கொடுக்கும் விருப்பமே குறைகிறது. இது என் பொறாமையா? (வாசகர் ஒருவர்)

பதில்: பொறாமையும் கொஞ்சம் இருக்கலாம், அதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். எனினும், பெயர்களை வாசிக்கும் உங்கள் சபையார் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டக்கூடிய பகுதி 1 நாளாகமம் 29. தாவீது ஆலயத்துக்காகத் தன் சொந்தப் பொருளிலிருந்து 3,000 தாலந்து (அக்காலப் பெரிய எடை அளவு) ஓப்பீர் என்ற இடத்தின் பொன்னைக் கொடுத்ததைச் சபைக்கு முன்பாகத் தானே சொல்கிறான். ஆனால் பிரபுக்களும் அதிபதிகளும் கொடுத்தது 5,000 தாலந்து பொன் என்று ஒரே மொத்தமாகத்தான் அங்கே வருகிறது; இன்னார் இவ்வளவு என்ற பட்டியல் இல்லை. அதன்பின் தாவீது செய்யும் ஜெபத்தில், கொடுத்தவர்களுக்குப் பாராட்டுரையும் இல்லை; "எல்லாம் உம்மால் உண்டானது; உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்று, கொடுக்க முடிந்ததையே வியந்து தேவனுக்கு நன்றி சொல்கிறான்.

பட்டியல் வாசிக்கப்படும் இடத்தில், அதில் பெயர் இல்லாதவர் கூனிக்குறுகுகிறார், பெயர் இருப்பவர் அடுத்தவர் தொகையைப் பார்த்துத் தன் தொகையைத் தீர்மானிக்கிறார், இரண்டுமே நன்றியன்று. எல்லாரும் சமமாகக் கொடுக்க வேண்டியதற்கு அரைச்சேக்கல் (சேக்கல் என்பது அக்கால எடை அளவு) என்ற விதி தனியாக இருந்தது. ஐசுவரியவான் அதற்கு மேலும் தரித்திரன் அதற்குக் கீழும் கொடுக்கக்கூடாது என்று யாத்திராகமம் 30:15 சொல்கிறது. மனவிருப்பக் காணிக்கைக்கோ, ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்பது பவுலின் அளவுகோல். உங்கள் குருவானவரிடம் நேரில் பேசி, மொத்தத் தொகையையும் அது செலவாகும் விதத்தையும் மட்டும் வாசிக்கலாமே என்று கேளுங்கள். அதுவரை பெயர் எழுதாமல் காணிக்கைப் பையில் போடுங்கள்.

கேள்வி: என் ஜெபத்தில் நன்றி இரண்டு நிமிடம், விண்ணப்பம் அரை மணி நேரம். இரண்டையும் சமப்படுத்த வேண்டுமா? (வாசகி ஒருவர்)

பதில்: கடிகாரம் வேண்டாம். விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே தெரியப்படுத்துங்கள் என்றுதான் பிலிப்பியர் 4:6 சொல்கிறது. கேட்கும்போது நாம் பெயர், நாள், தேவை என்று விவரமாகக் கேட்கிறோம்; நன்றி சொல்லும்போது மட்டும் "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். போன மாதம் கேட்டவற்றில் எவை கிடைத்தன என்று பார்த்து, கேட்ட அதே விவரத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள்.