கைரேகையும் வழக்கின் கதையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொலையுண்டவரின் படத்தைப் பார்த்ததனால் மட்டும் கைரேகை நிபுணர் ஒருவரின் முடிவு மாறிவிடுமா? (சட்டக்கல்வி மாணவி, கிளிநொச்சி)

சம்பவ இடத்தில் கிடைத்த கைரேகைப் பதிவு தெளிவாக இருந்தால் மாறுவது அரிது. மங்கலாகவோ அரைகுறையாகவோ இருந்தால் மாறக்கூடும். உளவியல் ஆய்வாளர் இட்டியல் ட்ரோர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிபுணர் அல்லாத 27 பேரிடம் சோடி சோடியாகக் கைரேகைகளைக் கொடுத்து, சிலவற்றுடன் கொடூரக் குற்றங்களின் கதைகளையும் படங்களையும் சேர்த்துக் காட்டினர். தெளிவற்ற சோடிகளை 'ஒன்றே' எனச் சொல்லும் போக்கு அப்போது கூடியது. வெளிப்படையாக வேறுபட்ட சோடிகளிலோ உணர்ச்சியால் எதுவும் மாறவில்லை.

அனுபவமுள்ள நிபுணர்களுமா தடுமாறுவார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், முல்லைத்தீவு)

ஆம். 2006இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஐந்து நிபுணர்களிடம் அவர்களே முன்னர் பொருந்துவதாக முடிவுசெய்த பதிவுகளைக் கொடுத்து, ஸ்பெயினின் மட்ரிட் நகரில் 2004இல் நடந்த ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய பதிவுகள் இவை என்று கூறப்பட்டது. மூவர் பொருந்தவில்லை என்றனர், ஒருவர் முடிவுசெய்யப் போதிய விவரம் இல்லை என்றார், ஒருவர் மட்டுமே பழைய முடிவில் நின்றார். ஐந்து பேரை வைத்துப் பிழைவீதம் கணிக்க முடியாது. இங்கே தூண்டியதும் உணர்ச்சியன்று, முன்தகவல். ஆயினும் நேர்மையும் அனுபவமும் தாமாகவே காப்பாகிவிடமாட்டா என்பதற்கு இது போதும்.

வயல்வேலையால் தேய்ந்த விரல்கள்? (விவசாயி, நெடுங்கேணி)

தேய்ந்த விரல் மங்கலான பதிவையே விட்டுச்செல்லும்; ஊகத்துக்கு அங்கே இடம் அதிகம்.

குறுக்கு விசாரணையில் எதைக் கேட்பது? (இளம் சட்டத்தரணி, வவுனியா)

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கைரேகை பற்றிய நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்புடையதாக்குகிறதே தவிர, அதைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கவில்லை. சிறுபிள்ளை ஒன்று கொல்லப்பட்டு ஊரே கொதித்து நிற்கும் வழக்கில், பொலிஸ் அறிக்கையும் சந்தேகநபரின் வாக்குமூலமும் பதிவுகளோடு சேர்த்து அனுப்பப்பட்டனவா என்று முதலில் கேளுங்கள். அடுத்தது இன்னும் முக்கியம்: சந்தேகநபரின் ரேகையைக் காணுமுன்னரே, சம்பவ இடத்துப் பதிவில் ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் கிளைபிரியும் இடங்களையும் நிபுணர் குறித்துவைத்தாரா? மட்ரிட் வழக்கின் தவறை ஆராய்ந்த அமெரிக்க நீதித் திணைக்களத் தலைமைப் பரிசோதகரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, சந்தேகநபரின் ரேகையில் கண்டதை மங்கலான பதிவில் தேடிக் 'கண்டுபிடித்த' பின்னோக்கிய தர்க்கத்தையும் ஒரு காரணமாகச் சுட்டியது. இரண்டாவதாகச் சரிபார்த்தவர் முதலாமவரின் முடிவை அறிந்திருந்தாரா என்பதையும் விடாதீர்கள்; அறிந்திருந்தால் அது சரிபார்ப்பென்பதைவிட ஒப்புதல் என்றே எனக்குத் தோன்றுகிறது. இவற்றுக்கெல்லாம் நினைவிலிருந்து வரும் பதில் போதாது; நிபுணரின் திகதியிட்ட வேலைக் குறிப்புகளின் பிரதியை வழக்கு விசாரணை தொடங்குமுன்னரே கோருங்கள்.