பி.எட். படிக்கலாமா, நூலகத்திலேயே இருக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் பி.ஏ. வரலாறு முடித்து பி.எல்.ஐ.எஸ். (நூலக அறிவியல் இளநிலை) படித்தவள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் ரயிலில் வந்து, பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நூலகராக வேலை செய்கிறேன். ஆறு வருடமாகிறது. எந்த ஆசிரியர் விடுப்பு எடுத்தாலும் அந்த வகுப்பில் போய் உட்கார என்னைத்தான் அனுப்புகிறார்கள். தேர்வு நெருங்கினால் நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் இருப்பு எடுத்தபோது 11 புத்தகங்கள் குறைந்தன. அந்தப் பணத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள். "பி.எட். முடித்து டீச்சராகிவிடு" என்கிறார் மாமனார். நூலகத் துறையில் எனக்கு இனி வளர்ச்சி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு,

பி.எட். வேண்டாம் என்பதே என் கருத்து. மாமனார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் காலத்து பி.எட். ஓராண்டுப் படிப்பு, 2015 முதல் அது இரண்டாண்டு. வகுப்புக்கு நேரில் போக வேண்டும் என்பதால் வேலையை விட நேரும். முடித்த பிறகு அரசுப் பள்ளிக்குப் போக ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வு. வகுப்பில் நின்று வரலாறு நடத்த வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால் இத்தனையும் தாங்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் ஆசை எங்கேயும் தெரியவில்லை. செய்கிற வேலைக்கு மதிப்பில்லையே என்ற வருத்தம்தான் தெரிகிறது. அந்த வருத்தத்துக்கு பி.எட். மருந்தாகாது.

நீங்கள் படிக்க வேண்டியது நூலக அறிவியல் முதுநிலைப் பட்டமான எம்.எல்.ஐ.எஸ். இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். மதிப்பெண் 55 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி நூலகர் பணிக்கு அந்த விழுக்காட்டோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. கேட்பார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது, தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது மொழியில்தான்: நூலக அறிவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். ஆகவே கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் படித்துப் பழகுங்கள். ரயில் நேரம் அதற்கு உதவும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நூலகப் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. மாவட்ட நூலக அலுவலர், அரசு சட்டக் கல்லூரி நூலகர் போன்ற பணியிடங்கள் அதில் வரும். எப்போது அறிவிப்பு வரும் என்று காத்திருந்துவிட்டுப் படிக்கத் தொடங்காதீர்கள். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளிலும் நூலகர் பணி உண்டு. விஜயநாராயணத்தில் இருக்கும் பள்ளி வரை போய்வர முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள்.

பட்டமும் தேர்வும் ஒருபுறம் இருக்கட்டும். இப்போதிருக்கும் பள்ளியில் நீங்கள் செய்வது கற்பித்தல்தான் என்று மற்றவர்கள் கண்ணில் படவேண்டும். நீங்கள் வரலாறு படித்தவர். சமூக அறிவியல் ஆசிரியையிடம் போய், "ஆதிச்சநல்லூர் பற்றி இரண்டு பாடவேளை நாம் சேர்ந்து நடத்துவோமா?" என்று கேளுங்கள். பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்: அங்கே தோண்டி எடுத்த பொருள்கள் இப்போது எங்கே இருக்கின்றன? 1876இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகர் தோண்டியவை பெர்லினுக்குப் போயின. அலெக்ஸாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. இதைப் பாடநூலிலும், பழைய செய்தித்தாளிலும், இணையத்திலும் தேடவிடுங்கள். தோண்டிய ஆண்டு ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோர் இடத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். எதை நம்புவது, ஏன் நம்புவது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை நடத்தித் தரத் தெரிந்தவர் பள்ளியில் வேறு யார்? கைப்பேசியில் வருவதையெல்லாம் அப்படியே நம்புகிற காலத்தில், இதைவிட அவசியமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நடத்தியதை ஒரு பக்கத்தில் எழுதி, பிள்ளைகளின் விடைத்தாள் இரண்டை இணைத்து, தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பருவத்துக்கு ஒன்று போதும். நூலகப் பாடவேளையைக் கணக்குக்குக் கேட்டு யாராவது வந்தால், அப்போது உங்கள் கையில் ஒரு திட்டம் இருக்கும். நாளை நேர்காணலிலும் அந்தத் தாள்கள் பேசும்.

நம் நாட்டில் நூலகத் துறையின் தந்தை எனப்படும் சீர்காழி ரங்கநாதனும் கணக்கு ஆசிரியராக இருந்தவர்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானதும், வேலை சலித்துப்போய்க் கல்லூரிக்கே திரும்ப நினைத்தார். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போய், நூலகம் ஓர் ஊருக்கு என்னவெல்லாம் செய்ய முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு அவர் திரும்பிப் போகவே இல்லை. உங்களுக்கு லண்டன் வேண்டாம். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகத்தையும், பாளையங்கோட்டையின் பழைய கல்லூரி நூலகங்களையும் அனுமதி கேட்டு ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் நூலகப் பணிகளைக் கணினியில் நடத்தும் கோஹா மென்பொருளைக் காட்டித் தரச் சொல்லுங்கள். அது இலவசம், உங்கள் பள்ளிக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம்.

கடைசியாக அந்த 11 புத்தகங்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் எடுத்துப் புரட்டுகிற நூலகத்தில் சில புத்தகங்கள் தொலையத்தான் செய்யும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இல் 215ஆம் விதி இதை ஒப்புக்கொள்கிறது: ஓராண்டில் வழங்கிய, பார்வையிட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு, நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். தனியார் பள்ளியை இந்த விதி கட்டுப்படுத்தாது; ஆனால் பேசுவதற்கு ஒரு பிடி கொடுக்கும். 11 புத்தகம் என்றால் 2,200 முறை நூல் கைமாறியிருக்க வேண்டும். உங்கள் வழங்கல் பதிவேட்டைக் கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வந்தால், விதியின் நகலையும் கூட்டுத்தொகையையும் இணைத்துத் தாளாளருக்குப் பணிவாக ஒரு கடிதம் கொடுங்கள். பிடித்த பணத்தைத் திருப்பித் தரும்படி அதிலேயே கேட்டுவிடுங்கள்.