பழைய டீசல் பிக்கப்: புகை, சூடு, ஹவுசிங் கசிவு – கேள்வி பதில்

இந்த முறை பழைய டீசல் பிக்கப்புகள் மட்டும். டாடா 207, மஹிந்திரா பொலேரோ பிக்கப், அந்த வகையறா. எஞ்சின், கிளட்ச், ஹவுசிங் (பின் ஆக்ஸிலின் கூடு), பிரேக் எதைப் பற்றியும் கேளுங்கள். இன்சூரன்ஸ், பெர்மிட் சமாச்சாரங்கள் என்னிடம் வேண்டாம். சத்தம், புகை என்று எழுதுகிறவர்கள் அது எப்போது வருகிறது என்றும் சேர்த்து எழுதுங்கள். காலையிலா, ஏற்றத்திலா, லோடிலா, காலி வண்டியிலா? அது தெரியாமல் பதில் சொன்னால் ஜோசியம்தான்.

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு: அண்ணா, 207 வண்டி. காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் நாள் முழுக்க ஒரே அடியில் பிடிக்கிறது. பேட்டரி புதுசு. டீசல் பம்பை இறக்க வேண்டும் என்கிறார்கள்.

பம்பைத் தொடாதீர்கள். பகல் முழுக்க ஒரே அடியில் பிடிக்கிற வண்டிக்குப் பம்பைச் சந்தேகப்படுவது கடைசி வேலை. ராத்திரியில் டீசல் லைனில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்றுதான் நான் நினைப்பேன்.

நாளைக் காலை சாவி போடுவதற்கு முன்னால் ஹேண்ட் பிரைமரை, அதாவது கையால் டீசல் ஏற்றுகிற சின்னப் பம்பை, கை இறுகும் வரை அடியுங்கள். அதன் பிறகு டக்கென்று பிடித்தால் காற்றுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அதனால் அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டுச் சொட்டாக ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். "எங்கேயும் ஈரமே இல்லையே" என்று ஏமாறுவது இதனால்தான். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு முழம் பிளாஸ்டிக் டியூப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள், குமிழி தெரியும். காற்று புகுகிற இடங்கள் இவைதான்: கிளிப் அடியில் வெடித்த ரப்பர் ஹோஸ், ஃபில்டர் மாற்றும்போது திரும்பப் போட்ட பழைய வாஷர், தண்ணீர் இறக்கும் குழாயின் திருகு, சில சமயம் அந்த பிரைமரே. நூறு இருநூறு ரூபாய் வேலை.

பிரைமர் அடித்தும் பிடிக்கவில்லை என்றால், செல்ஃப் சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. கம்ப்ரஷன், எஞ்சின் வால்வு இடைவெளி, டைமிங் பக்கம் போகலாம். புகையே இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மண்டபம், மீன் லோடு: சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) துரு. பெயின்ட் அடித்தால் போதுமா?

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் பெயின்ட் எதையும் தாங்காது, அந்த இடத்தைச் சேஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆனால் உங்கள் வண்டியில் என் கவலை சேஸைவிட பிரேக் பைப்தான். ஐஸ் தண்ணீரும் உப்பும் வழிந்து, கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் பைப் உள்ளுக்குள் அரித்திருக்கும். கிளாம்பைக் கழற்றினால்தான் தெரியும். அடியில் படுத்துப் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சேஸுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்துவிட்டுப் படுங்கள். லோடு இறங்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும். கழுவுவதற்குக் கடல் தண்ணீர் வேண்டாம். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

விருதுநகர்: வண்டி புகை அடிக்கிறது. என்ன செய்யலாம்?

என்ன நிறம்? கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் கிழிசல், டீசல் தெளிக்கிற நாசில், ஓவர்லோடு என்ற வரிசையில் பாருங்கள். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை வந்து, கூலன்ட்டும் குறைந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

பல்லடம், கோழி லோடு: சமவெளியில் சரியாகப் போகிறது. மலை ஏறினால் சூட்டு முள் மேலே போகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார், "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்றார். இப்போதும் சூடாகிறது.

சூடாகத்தான் செய்யும். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து, சூடானதும் திறந்துவிடுவது அந்த வால்வுதான். முதலில் அதைத் திரும்பப் போடுங்கள். அப்புறம் ரேடியேட்டரை வெளியே எடுத்து முகத்தைப் பாருங்கள். கோழி இறகும் தூசியும் ஃபின்னுக்கு நடுவில் அட்டை மாதிரி உறைந்திருக்கும். பெல்ட் தளர்ச்சி, ஃபேன் கிளட்ச், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றையும் சோதியுங்கள். மூடி சாதாரண மூடி இல்லை. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. அதனால்தான் சூட்டோடு திறக்கக்கூடாது, திறந்தால் முகத்தில் அடிக்கும். உள்ளே போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் உப்புப் படிவு இருக்கும், ராடு விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இத்தனையும் சரியாக இருந்தும் சூடானால், மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி பொங்கினால் கேஸ்கெட் போயிருக்கிறது.

சங்ககிரி, பட்டறை வைத்திருப்பவர்: சார், நாங்கள் வருஷக்கணக்கில் வால்வைக் கழற்றித்தான் லைன் வண்டிகளை அனுப்புகிறோம். ஒரு வண்டியும் சூடாகி நின்றதில்லை. வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால்தான் எஞ்சின் போகும். இல்லாத பொருள் எப்படிச் சிக்கும்?

அண்ணே, சங்ககிரிக்காரரிடம் லாரி வேலை பற்றி வாதாடுவது சுலபமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பல எஞ்சின்களில் வால்வின் அடியில் ஒரு தட்டு இருக்கும். சூடானதும் வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே அசைவில் அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். வால்வைக் கழற்றினால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குள் சுற்றும். சமவெளியில் தெரியாது. பல்லடத்துக்காரருக்கு மலையில் தெரிகிறது.

சங்ககிரி: பைபாஸையும் அடைத்துத்தான் விடுவோம். அது தெரியாமலா வேலை பார்க்கிறோம்?

அடைத்தால் சூட்டுப் பிரச்சினை வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது எஞ்சின் சூடாவதே இல்லை. வால்வின் மேல் 82 என்று பொறித்திருப்பது அழகுக்கு இல்லை. அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் பிஸ்டன் விரிந்து சிலிண்டர் லைனருக்குப் பொருந்தும், டீசல் முழுசாக எரியும். குளிர்ந்தே ஓடினால் எரியாத டீசல் லைனரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். வண்டி நடுரோட்டில் நிற்காது, சரிதான். பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேய்ந்து எஞ்சின் வேலைக்கு வரும்போது, வால்வைக் கழற்றியதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

கோத்தகிரி, கேரட் லோடு: சார், நீங்கள் சொல்வது எங்கள் பக்கம் உண்மை. வால்வைக் கழற்றிய பிறகு விடியற்காலை லோடில் முள் அசையவே இல்லை, மைலேஜும் குறைந்தது.

உங்கள் ஊர்க் குளிரில் வேறென்ன நடக்கும்?

கரூர்: நானும் வால்வு கட்சி. வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது, அதனால்தான் சூடாகும்.

என் கட்சியில் நின்று தப்பான காரணம் சொல்லாதீர்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் வெப்பம் நன்றாகவே வெளியேறும், குறையாது. அதே தண்ணீர்தானே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது? காரணம் பைபாஸ்தான்.

சங்ககிரி: கடையில் கிடைக்கிற வால்வில் பாதி டூப்ளிகேட். அதைப் போட்டு எஞ்சினைக் கெடுப்பதா?

இது நல்ல கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. போடுவதற்கு முன்னால் வால்வை ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். பொறித்திருக்கிற எண்ணை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும், கொதி வருவதற்குள் முழுசாகத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் கடைக்காரர் முகத்தில் வீசுங்கள். பத்து நிமிஷ வேலை அண்ணே, பட்டறையில் டீ போடுகிற அடுப்பே போதும். இதோடு வால்வு விவகாரத்தை மூடுகிறேன், இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

தேனி: புகை வருகிறது சார்.

விருதுநகர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பொள்ளாச்சி, தேங்காய் லோடு: பின்சக்கரம் ஒரு பக்கம் ஹவுசிங் ஆயில் கசிந்து பிரேக் லைனிங் நனைகிறது. சீல் மாற்றினேன், மறுபடி மாற்றினேன். திரும்பவும் கசிகிறது.

மூன்றாவது சீல் வாங்காதீர்கள். ஹவுசிங் மேலே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிரீதர், அதாவது காற்றுப்போக்கி, இருக்கும். தோப்பு மண்ணும் கிரீஸும் சேர்ந்து அது அடைபட்டிருக்கும். ஓட ஓட உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகி விரிகிறது. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, சீல் உதட்டைத் தாண்டி ஆயிலைத் தள்ளுகிறது. எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் இதே கதைதான். பிரீதரைக் கழற்றிக் கழுவி, ஊதிப் பாருங்கள். ஆயில் அளவு லெவல் துளைக்கு மேல் இருக்கக்கூடாது. பேரிங் ஆட்டம், ஆக்ஸில் தண்டில் சீல் உட்காரும் இடத்தில் விரல் நகம் சிக்குகிற பள்ளம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் புது சீல் போடுங்கள். நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுகிற பழக்கம் வேண்டாம். ஆயில் ஊறியது ஊறியதுதான், மாற்றுங்கள், இரண்டு பக்கமும். இதற்கும் ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்ட்.

சேலம்: ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச்சா?

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்ச்சை விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. பிளேட் வாங்குவதற்கு முன்னால் பெடல் ஃப்ரீ ப்ளே (மிதித்ததும் முதலில் சும்மா இறங்குகிற அசைவு) இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமலே பல பிளேட்டுகள் தீய்கின்றன.

திருச்சி: டெல்லியில் பழைய டீசல் வண்டிக்குத் தடையாமே, இங்கேயும் வருமா?

ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

ஈரோடு: முதல் கியரில் எடுக்கும்போது அடியில் கிடுகிடுவென்று ஆடுகிறது. வேகம் பிடித்தால் நின்றுவிடுகிறது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங்கின் ரப்பர். கிளட்ச் விடும்போது டக் என்று ஒரே ஒரு அடி கேட்டால், ஷாஃப்ட் இணைப்பில் இருக்கும் கிராஸ். எதற்காக ஷாஃப்ட்டைக் கழற்றினாலும், கழற்றும் முன் இணைப்பில் சுண்ணாம்பாலோ பஞ்ச் உளியாலோ குறி போடுங்கள். ஒரு பல் மாற்றி மாட்டினால் புது கிராஸ் போட்ட பிறகும் ஆடும், அப்புறம் கிராஸ் கம்பெனியைத் திட்டுவீர்கள்.

பெயர், ஊர் இல்லை: கருப்புப் புகை, மைலேஜும் இல்லை. அவசரம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தஞ்சாவூர்: பத்து வருட பொலேரோ பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்கிறார். எதைப் பார்ப்பது?

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. ரயில் எஞ்சின் மாதிரி குபுகுபுவென்று அடித்தால் ரிங் போயிருக்கிறது, எஞ்சின் செலவை விலையில் கழியுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் பேசாமல் கிளம்பிவிடுங்கள். பின்னால் தள்ளி நின்று, வண்டியை நேராக ஓட்டச் சொல்லுங்கள். நண்டு மாதிரி கோணலாகப் போனால் ஸ்பிரிங் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம், அல்லது சேஸ் அடி வாங்கியிருக்கலாம். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். போனதும் பேச்சுக் கொடுப்பதற்கு முன்னால் போனட் மேல் கை வையுங்கள். சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலையிலேயே போய் நில்லுங்கள்.